இரண்டாம் ஈத்தில் குட்டி குறைந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

ஐந்து வெண்பன்றித் தாய்களை வைத்திருக்கும் நாமக்கல் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “முதல் ஈத்தில் ஒவ்வொன்றும் ஒன்பது, பத்து குட்டி போட்டது. இரண்டாம் ஈத்தில் ஆறு, ஏழுதான். பால் மறக்கடித்த பிறகு பருவத்துக்கு வரவும் மூன்று வாரம் ஆனது. சினையில் ஓட்டல் சாப்பாடும் தவிடும் வயிறு நிறையக் கொடுக்கிறேன். குட்டி போட்டதும், குட்டிகளுக்குக் கழிச்சல் வரும் என்று குறைத்துவிடுவேன். ஆண் பன்றி பழையதுதான், அதை மாற்றவா? சோயாவுக்குப் பதில் கடலைப் புண்ணாக்கு போடலாமா?”

முதல் ஈத்தில் பத்து குட்டி தந்த ஆண் பன்றியை அவசரப்பட்டு விற்க வேண்டாம். எனக்குத் தீவனத்தின் மேல்தான் சந்தேகம். கூட்ட வேண்டிய மாதத்தில் குறைத்து, அளவாகக் கொடுக்க வேண்டிய மாதங்களில் கூட்டியிருக்கிறீர்கள்.

அடுத்த ஈத்துக்கான கருமுட்டைகள், இந்த ஈத்துக் குட்டிகள் பால் குடிக்கும் நாட்களிலேயே வளரத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் தாய் பட்டினி கிடந்தால் முட்டை வளரத் தேவையான ஹார்மோன் குறையும். பருவம் தள்ளிப்போகும், தங்கும் கருவும் குறையும். முதல் ஈத்துப் பன்றிக்கு இது இன்னும் கடுமை. அது தானே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, பசியும் பெரிய பன்றி அளவுக்கு இருக்காது. பால் கொடுக்கும் காலத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கரைந்தால் அடுத்த ஈத்தில் அது தெரியும். 160 கிலோ பன்றிக்கு அது வெறும் 16 கிலோ.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பத்து குட்டிகளும் நாளுக்கு 200 கிராம் ஏறினால் மொத்தம் இரண்டு கிலோ. ஒரு கிலோ ஏற ஏறக்குறைய நான்கு லிட்டர் பால் வேண்டும். ஆக, தினம் எட்டு லிட்டர். இதற்குத் தாய்க்கு இரண்டு கிலோவும், குட்டி ஒன்றுக்கு 400 கிராமும் சேர்த்து, ஆறு கிலோ உலர் தீவனம் தேவை. ஓட்டல் சாப்பாட்டில் முக்கால் பங்கு தண்ணீர். ஆறு கிலோ தீவனத்துக்கு ஈடாக அதில் இருபது கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். எந்தத் தாயாலும் முடியாது. அதனால் பால் கொடுக்கும் காலத்துக்கு மட்டுமாவது அடர்தீவனம் அவசியம்.

நூறு கிலோ அடர்தீவனத்துக்கு மக்காச்சோளம் 55, சோயா புண்ணாக்கு 25, தவிடு 17, தாது உப்புக் கலவை இரண்டரை, சாப்பாட்டு உப்பு அரை கிலோ என்று கலந்தால் புரதம் 18 சதவீதத்தை ஒட்டி வரும். ஓட்டல் சாப்பாடும் சேர்ந்தால் உப்பைப் போடாதீர்கள், அதிலேயே இருக்கிறது. அந்தச் சாப்பாட்டைக் கொதிக்க வைக்காமல் ஒரு நாளும் கொடுக்காதீர்கள். 2020இல் அசாமில் தலைகாட்டிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இறைச்சி மிச்சம் வழியாகவும் பண்ணைக்குள் வரும்.

கழிச்சல் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஈன்ற அன்று வயிறு முட்டக் கொடுத்தால் பால் கட்டிக்கொள்ளலாம். அன்று கொஞ்சம், மறுநாள் இரண்டு கிலோ, பிறகு தினம் அரை கிலோ கூட்டி ஒன்பது, பத்து நாளில் முழு அளவுக்கு வாருங்கள். குட்டிக்குக் கழிச்சல் வந்தால் முதலில் ஈரத் தரையையும் குளிரையும் பாருங்கள், சீம்பால் கிடைத்ததா என்றும் பாருங்கள். அதற்காகத் தாயின் தீவனத்தில் கை வைக்காதீர்கள்.

தீவனத்தைக் கூட்டியும் தின்னவில்லை என்றால் தண்ணீர்க் குழாயைச் சோதியுங்கள். பன்றி வாயால் அழுத்திக் குடிக்கும் குழாய் முனைக்கு (நிப்பிள்) கீழே ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடித்து, முனையை அழுத்துங்கள். அரை நிமிடத்தில் நிரம்ப வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால், தாய் குடித்துச் சலித்து, தீவனத் தொட்டியை விட்டு நகர்ந்துவிடும். பால் கொடுக்கும் பன்றி தினம் இருபது, முப்பது லிட்டர் குடிக்கும். அப்புறம் வெயில். நம் சித்திரை, வைகாசியில் பகல் தீவனம் வீண், விடிவதற்கு முன்னும் இரவிலும் கொடுங்கள், தண்ணீரில் ஊறவைத்துக் கொடுங்கள்.

சினைக்காலமான 114 நாளும் தினம் இரண்டு, இரண்டரை கிலோ அடர்தீவனத்துக்கு ஈடாக இருந்தால் போதும், கடைசி மூன்று வாரம் மட்டும் சற்றுக் கூட்டலாம். சினையில் கொழுத்த பன்றி ஈன்ற பிறகு சரியாகத் தின்னாது. உங்கள் பன்றிகளுக்கு இதுவும் நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இடுப்பெலும்பின் மேல் கட்டைவிரலை வைத்துப் பாருங்கள். நன்றாக அழுத்தினால் எலும்பு தட்டுப்பட்டால் சரியான உடல். அழுத்தியும் தெரியவில்லையென்றால் கொழுப்பு. கண்ணுக்கே எலும்பு தெரிந்தால் மெலிவு.

பால் மறந்து நான்கு முதல் ஏழு நாளில் பருவம் வர வேண்டும். அதுவரை மூன்று, மூன்றரை கிலோ கொடுங்கள். அடுத்த முறை மிகவும் மெலிந்து நிற்கும் பன்றியை முதல் பருவத்தில் சேர்க்காமல், தீவனம் கொடுத்துத் தேற்றி, 21 நாள் கழித்து வரும் பருவத்தில் சேருங்கள். மூன்று வாரத் தீவனச் செலவு கூடும், குட்டி எண்ணிக்கையில் அது திரும்ப வரும்.

கடலைப் புண்ணாக்கு பற்றி: முழுதாக மாற்ற வேண்டாம். பாலுக்கு முக்கியமான லைசின் என்ற புரதக் கூறு அதில் சோயாவைவிட மிகக் குறைவு. பூஞ்சை நஞ்சும் எளிதில் ஏறும், அது பால் வழியே குட்டிக்கும் போகும். புதிதாக ஆட்டிய, வாடை இல்லாத புண்ணாக்கு கிடைத்தால் சோயாவில் ஐந்து கிலோ குறைத்து அதைச் சேருங்கள், அதற்கு மேல் வேண்டாம்.