கப்பல் சுற்றுலா: மோசமான விமர்சனங்களை எவ்வளவு நம்பலாம்?

கோவையிலிருந்து சிங்கப்பூர் பறந்து அங்கே கப்பல் ஏற நினைக்கும் குடும்பத்துக்கு இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். ஒற்றை நட்சத்திர விமர்சனம் கண்ணில் பட்டால் முதலில் தேதியையும் கப்பலின் பெயரையும் பாருங்கள். ஒரே நிறுவனத்தில் புதுக் கப்பலும் ஓடும், இருபது வருடக் கப்பலும் ஓடும். நடுவில் உலர்துறையில் (கப்பலைத் தண்ணீரில்லாமல் நிறுத்திப் பழுதுபார்க்கும் இடம்) ஏற்றிப் புதுப்பித்திருந்தால் பழைய அறைப் புகார்கள் அநேகமாகச் செல்லாது.

"பினாங்கில் நிறுத்தவே இல்லை, ஏமாற்றிவிட்டார்கள்" என்ற மாதிரிப் புகாரைத் தள்ளிவிடலாம். காற்றும் அலையும் மோசமானால் துறைமுகத்தைத் தவிர்க்க கேப்டனுக்கு உரிமை உண்டு. டிக்கெட் ஒப்பந்தத்திலேயே அது இருக்கும். பெரும்பாலும் அந்தத் துறைமுக வரி மட்டும்தான் திரும்ப வரும். "கூடுதலாகப் பிடுங்கினார்கள்" என்பதும் அப்படியே. ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று போடும் டிப்ஸ், வைஃபை, குளிர்பானம் எல்லாம் பல கட்டணங்களில் சேராது. முன்பணம் கட்டுமுன் ஏஜென்டிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

தூங்கவே முடியவில்லை என்பவரின் அறை எங்கே இருந்தது என்று தேடுங்கள். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே என்றால் விடிகாலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். முன்கோடியில் நங்கூரச் சத்தமும் ஆட்டமும் அதிகம். வீட்டுப் பெரியவர்கள் வந்தால் கீழ்த்தளத்தில், நடுப்பகுதியில் எடுங்கள்.

கடைசி ஆறு மாதத்தில், வெவ்வேறு பயணங்களில் போனவர்கள் ஒரே குறையைச் சொன்னால் மட்டும் கட்டாயம் நம்புங்கள்: வயிற்றுப்போக்கு, ஏசி பழுது, ரீஃபண்ட் இழுத்தடிப்பு. சைவச் சாப்பாட்டுக்கு நம்மூர்க்காரர்கள் எழுதியதைப் படியுங்கள். வெளிநாட்டவர் சைவம் என்பதில் முட்டை இருக்கலாம். அமெரிக்கத் துறைமுகம் தொடும் கப்பலென்றால் சிடிசி என்ற அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பு கப்பலுக்குத் தரும் சுகாதார மதிப்பெண்ணை இணையத்தில் பார்க்கலாம். நூற்றுக்கு 85 அல்லது அதற்குக் கீழே என்றால் தோல்வி.