ரசீதில் உள்ள "1450"தான் உங்கள் வழக்கு

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். 14 மாதங்களுக்கு முன் ஒரு பழம்பொருள் கடையில் 6,500 பவுண்டுக்கு வாள் ஒன்று வாங்கினேன். "ஜெர்மன் நீள வாள், சுமார் 1450" என்று ரசீதில் இருக்கிறது. அண்மையில் அதைப் பார்த்த நிபுணர் ஒருவர், 19ஆம் நூற்றாண்டு நகல் என்கிறார். கடைக்காரரோ, "காலம் என்பது அவரவர் கருத்து. வாள் ஓக்‌ஷாட் வகைப்பாட்டுக்குப் பொருந்துகிறது. விற்றதைத் திரும்ப எடுப்பதில்லை" என்கிறார். பணம் கிடைக்குமா?

பதில்: கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. முதலில், அந்த வாளைத் தேய்க்காதீர்கள், மெருகேற்றாதீர்கள். புது இரும்புக்கு வயது கூட்ட அமிலத்தில் அரிக்க விடுவதுண்டு. அப்படி விழுந்த குழிகள் இருந்தால் அவைதான் உங்கள் சாட்சி.

ஓக்‌ஷாட் வகைப்பாடு, அதாவது இடைக்கால வாள்களை வகைபிரிக்கும் முறை, வாளின் வடிவத்தைத்தான் சொல்லும், வயதை அல்ல. நல்ல நகலும் அதற்குப் பொருந்தும்.

2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், பிரிவு 11, பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும் என்கிறது. "திரும்ப எடுப்பதில்லை" என்ற வாசகம் அந்த உரிமையைப் பறிக்க முடியாது. பிரிவு 31 தடுக்கிறது. (நேரில் கலந்துகொள்ளக்கூடிய பொது ஏலத்தில் வாங்கியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.) "கருத்து" என்ற வாதத்துக்கு அவர் ஹார்லிங்டன் வழக்கைக் காட்டலாம். அதில் போலி ஓவியத்தை வாங்கியவரே அந்தத் துறையில் தேர்ந்த வியாபாரி, விற்றவரோ தமக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டவர். அதனால் வாங்கியவர் தோற்றார். உங்கள் கதை நேர்மாறு: நீங்கள் அவர் சொல்லை நம்பி வாங்கினீர்கள். அதைக் காட்டும் மின்னஞ்சல், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்க வேண்டாம்.

உடனே திருப்பித் தரும் 30 நாள் உரிமை போய்விட்டது. ஆனால் எந்தப் பழுதுபார்ப்பும் இதை 1450க்குக் கொண்டுபோகாது. மாற்றுப் பொருளும் சாத்தியமில்லை. அந்நிலையில் பிரிவு 24, விலைக் குறைப்போ திருப்பித் தரும் உரிமையோ தருகிறது. இவ்வளவு நாள் பயன்படுத்தியதற்காக ஒரு தொகையை அவர் கழிக்கக் கேட்கலாம்.

நிபுணரிடம் அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். அலகையும் கைப்பிடியையும் தனித்தனியே ஆராயச் சொல்லுங்கள். பழைய அலகில் பிற்காலக் கைப்பிடி பொருத்திய வாள்கள் நிறைய உண்டு. உங்களுடையது அப்படியென்றால் விலைக் குறைப்பே பொருத்தம்.

வழக்குத் தொடர 6 ஆண்டுகள் இருந்தாலும் காத்திருக்காதீர்கள். புகழ்பெற்ற ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் வரைந்தது என்று நம்பி ஓவியம் வாங்கியவர் 5 ஆண்டு கழித்துத் திருப்பித் தர வந்தபோது, 1950இல் லீஃப் வழக்கில் நீதிமன்றம் மறுத்துவிட்டது. கிரெடிட் கார்டில் செலுத்தியிருந்தால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் பிரிவு 75இன்படி அட்டை வழங்கிய வங்கியிடமும் கேட்கலாம். கடைக்காரருக்கு அறிக்கையின் நகலுடன் கடிதம் அனுப்பி 14 நாள் கெடு கொடுங்கள். மசியாவிட்டால், உங்கள் தொகை 10,000 பவுண்டுக்குள் இருப்பதால் சிறு உரிமைகோரல் பிரிவிலேயே வழக்குப் போடலாம்.