கணினி கேள்வி – பதில்: வேகம் குறைந்தாலும் ரேமைச் சீர் செய்யலாமா?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் பட்டுச் சேலைகளுக்கு ஜக்கார்டு டிசைன் வரைந்து கொடுக்கும் தொழில் செய்கிறேன். என் கணினியில் இன்டெல் கோர் ஐ5-10400 பிராசசரும் எச்410 மதர்போர்டும் உள்ளன. அதற்கு 3200 என்று அச்சிட்ட 8 ஜிபி டி.டி.ஆர்.4 ரேம் இரண்டு வாங்கிப் போட்டேன். ரேமின் மேல் 16-18-18-36, 1.35 வோல்ட் என்று இருக்கிறது. கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கமான பயாஸிலோ 2666, 19-19-19-43, 1.2 வோல்ட் என்று காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? டைமிங்கையும் வோல்டேஜையும் மாற்றும் பக்கம் பயாஸில் இருக்கிறது. எதை, எவ்வளவு மாற்றலாம்?

பதில்: கடைக்காரர் மேல் தவறில்லை. உங்கள் பிராசசருக்கு இன்டெல் நிர்ணயித்துள்ள ரேம் வேகம் 2666. மதர்போர்டை இயக்கும் எச்410 சிப்செட் அதற்கு மேல் ஏற்ற விடாது. அந்த வேகத்துக்கென ரேமுக்குள் பதிந்திருக்கும் பொதுவான, மிகவும் எச்சரிக்கையான எண்களை மதர்போர்டு எடுத்துக்கொண்டிருக்கிறது. வேகத்தில் இழந்ததில் ஒரு பகுதியை டைமிங்கில், அதாவது 19-19-19-43 போன்ற காத்திருப்பு எண்களில், மீட்கலாம். முழுவதையும் மீட்க முடியாது.

19 என்பது பெரிய எண், 16 என்பது சிறிய எண், ஆகவே 16 நல்லது என்று பலரும் நேராக ஒப்பிட்டுவிடுகிறார்கள். இந்த எண்கள் நேரத்தைக் குறிப்பவை அல்ல. ரேம் எத்தனை துடிப்புகள் காத்திருக்க வேண்டும் என்பதைக் குறிப்பவை. தறியில் பத்து ஊடை ஓடி முடிய எவ்வளவு நேரமாகும் என்பது அந்தத் தறி ஓடும் வேகத்தைப் பொறுத்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2666 ரேமின் உண்மையான கடிகார வேகம் 1333 மெகாஹெர்ட்ஸ். ஒரு துடிப்பில் இரண்டு முறை தரவு கைமாறுவதால் 2666 என்கிறோம். அங்கே ஒரு துடிப்புக்கு 0.75 நானோ வினாடி ஆகிறது. 3200-ல் அது 0.625 நானோ வினாடி.

இப்போது கணக்குப் போடுங்கள். ரேமின் மேல் உள்ள 16 துடிப்பு, 3200-ல் சரியாக 10 நானோ வினாடி. பயாஸ் வைத்திருக்கும் 19 துடிப்பு, 2666-ல் 14.25 நானோ வினாடி. தயாரிப்பாளர் 10 நானோ வினாடிக்கு உத்தரவாதம் தந்த பொருளை நீங்கள் 14.25-ல் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்த இரண்டு எண்களான 18, 18 என்பவை 11.25 நானோ வினாடி, அதை 0.75-ஆல் வகுத்தால் மிச்சமின்றி 15 துடிப்பு வருகிறது. 36 என்பது 22.5 நானோ வினாடி, அதாவது 30 துடிப்பு. முதல் எண் மட்டும் 13.3 என்று வருவதால் மேல்நோக்கி 14 என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, 1.35 வோல்ட்டில் 14-15-15-30 என்பது உங்கள் ரேமை வருத்தும் அமைப்பே அல்ல. அதன் மேல் எழுதியிருப்பதை 2666-க்கு மொழிபெயர்த்தது மட்டுமே. நான்கு முதன்மை எண்களைத் தவிர மற்றவற்றை ஆட்டோவிலேயே விட்டுவிடுங்கள்.

வோல்டேஜில்தான் என் யோசனை சற்று வேறுபடுகிறது. டி.டி.ஆர்.4-க்குத் தர நிர்ணயம் 1.2 வோல்ட், 1.35 என்பது அதிக வேகத்துக்காகத் தயாரிப்பாளர் சேர்த்துத் தந்தது. வேகத்தைக் குறைத்துவிட்ட பிறகு அந்த முழு அளவும் தேவைப்படாமல் போகலாம். 14-15-15-30 பிழையின்றி ஓடுகிறது என்று உறுதியான பின், 1.30, 1.25 என்று ஒவ்வொரு படியாக இறக்கிச் சோதியுங்கள். மின்திறன் ஏறக்குறைய வோல்டேஜின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், 1.35-லிருந்து 1.2-க்கு இறங்கினால் அந்த மின்திறனில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று குறையும். ரேம் சில வாட்டுகளே எடுப்பதால் மின்கட்டணத்தில் இது தெரியாது. சித்திரை மாதத்தில் காற்றோட்டமில்லாத அறைக்குள் ரேமின் சூட்டில் தெரியும். எனக்கு விட்டால் 1.2 வோல்ட்டில் 16-17-17-36 ஓடினாலே போதும் என்று நிறுத்திவிடுவேன். முதல் எண் 12 நானோ வினாடி ஆகிறது. இப்போதுள்ளதைவிட அது நல்ல முன்னேற்றம்தான். 1.35-க்கு மேல் ஏற்றுவதற்கு இந்த வேகத்தில் எந்தக் காரணமும் இல்லை.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவிலிருந்து ஓட்டி, குறைந்தது நான்கு சுற்று முடியும்வரை விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பு கூடாது. விண்டோஸ் திறந்துவிட்டது என்பதைச் சோதனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரேம் பிழை பெரும்பாலும் சத்தமில்லாமல் உங்கள் டிசைன் கோப்புக்குள் போய் உட்காரும், பாவு ஏற்றிய பிறகே கண்ணில் படும். கணினி திறக்கவே மறுத்தால், மின் இணைப்பை எடுத்துவிட்டு, மதர்போர்டிலுள்ள சிமாஸ் ஜம்பரை (பயாஸ் அமைப்புகளை அழிக்கும் இணைப்பு முனை) இணைத்தோ நாணய பேட்டரியைக் கழற்றி மாட்டியோ பயாஸைப் பழைய நிலைக்குத் திருப்பலாம்.

பயன் எவ்வளவு என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். ரேமுக்குள் ஒரு வரிசையை மூடி, வேறொன்றைத் திறந்து, தரவை எடுக்கும் மோசமான நிலையில் 19+19+19 ஆக 57 துடிப்பு, அதாவது 42.75 நானோ வினாடி ஆகும். 14+15+15 என்றால் 33 நானோ வினாடி. ஆனால் தரவு பாயும் அகலம் மாறாது: இரண்டு சேனலிலும் (ரேமுக்கும் பிராசசருக்கும் இடையிலான தரவுப் பாதைகள்) சேர்த்து 2666-ல் வினாடிக்கு ஏறத்தாழ 42.6 ஜிபி, 3200-ல் 51.2 ஜிபி. டைமிங் எதுவும் அந்த இடைவெளியை நிரப்பாது. டிசைன் கோப்பு திறக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: ஏற்காட்டில் காபி எஸ்டேட் அலுவலகக் கணினியில் ரேமை 2666-ல் 13-14-14-28, 1.2 வோல்ட் என்று வைத்திருந்தேன், டி.ஆர்.எஃப்.சி. என்ற எண்ணையும் 260 ஆகக் குறைத்தேன். ஓராண்டு பிரச்சினையே இல்லை. ஏப்ரலில் அதைச் சேலம் அழகாபுரம் வீட்டுக்குக் கொண்டுவந்தது முதல், பிற்பகலில் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. மலையில் ஓடியது கீழே ஏன் ஓடவில்லை?

பதில்: ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் சோதித்த அமைப்பைச் சேலத்துக் கோடைக்குக் கொண்டுவந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும். ரேமின் ஒவ்வொரு பிட்டும் மிகச் சிறிய மின்தேக்கியில் தேக்கிய மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருப்பதால் 64 மில்லி வினாடிக்குள் ஒவ்வொரு வரிசையும் புதுப்பிக்கப்பட வேண்டும். சூடு ஏறினால் கசிவு விரைவாகும். சில்லு 85 டிகிரியைத் தாண்டினால் புதுப்பிக்கும் இடைவெளியைப் பாதியாக்க வேண்டும் என்று தர நிர்ணயமே சொல்கிறது.

டி.ஆர்.எஃப்.சி. என்பது அந்தப் புதுப்பித்தலுக்கு ஒதுக்கும் நேரம். 8 கிகாபிட் சில்லுகளுக்கு அது 350 நானோ வினாடி. 2666-ல் 467 துடிப்பு. நீங்கள் வைத்த 260 துடிப்பு 195 நானோ வினாடிதான். மலைக்குளிரில் அந்தக் குறை வெளியே தெரியவில்லை. என் முதல் சந்தேகம் அதன் மேல்தான். ஆகவே வோல்டேஜைத் தொடாமல் அதை மட்டும் ஆட்டோவுக்கு மாற்றி, பிற்பகல் இரண்டு மணிக்கு மெம்டெஸ்ட் ஓட்டிப் பாருங்கள். பிழை தொடர்ந்தால் 15-16-16-34 என்று தளர்த்துங்கள். 1.25 வோல்ட் அதற்கும் அடுத்த படி.

பயாஸில் எம்.ஆர்.சி. ஃபாஸ்ட் பூட் என்று இருந்தால் ஒருமுறை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். அது இயங்கும்போது, மலையில் கற்ற சமிக்ஞை அளவுகளையே மதர்போர்டு இங்கும் பயன்படுத்திக்கொண்டிருக்கக் கூடும். ஏப்ரலுக்குப் பின் சேமித்த எஸ்டேட் கணக்குகளைப் பழைய பிரதிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: அஸ்தம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். பழைய டி.டி.ஆர்.3 ரேமை 1600-லிருந்து 1333-க்கு இறக்கினேன். சி.எல். (டைமிங்கின் முதல் எண்) 11 என்பது 9 ஆகிவிட்டது. வேகம் கூடியதா, குறைந்ததா?

பதில்: 1600-ல் 11 துடிப்பு 13.75 நானோ வினாடி. 1333-ல் 9 துடிப்பு 13.5. காத்திருக்கும் நேரம் மாறவில்லை என்றே சொல்லலாம், தரவு பாயும் அகலம் மட்டும் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. ரீஸ்டார்ட் தொல்லைக்காக இறக்கியிருந்தால் அப்படியே விடுங்கள். இல்லையென்றால் 1600-க்கே திரும்புங்கள்.