நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு ஐஸ் பெட்டியில் தானமாகக் கிடைத்த ஓர் இதயம் தாங்குமா?

தாங்கும், ஆனால் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டேதான் வர வேண்டும். சிறுநீரகம் ஒரு நாள்கூட இருக்கும், இதயத்துக்குச் சுமார் 4 மணித்தியாலம்தான், புது உடலில் தைத்து முடிக்கும் நேரமும் அதற்குள்ளேயே அடக்கம். றம்பொடை வளைவுகளில் ஒரு லொறிக்குப் பின்னால் மாட்டினால் யோசித்துப் பாருங்கள்!

ஐஸ் நேரே பட்டாலும் தசை கெட்டுவிடும், அதனால் பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கரைசலைச் செலுத்தித் துடிப்பை நிறுத்தி, பைக்குள் பையாகப் போட்டுத்தான் பெட்டியில் வைப்பார்கள். அதற்கு முன்பே எக்கோவில் (ஒலியலை ஸ்கேனில்) இதயம் சுருங்கும் பலத்தைப் பார்த்திருப்பார்கள். நெஞ்சைத் திறந்ததும் சத்திரசிகிச்சை நிபுணர் இதயத்தின் நாடிகளை விரலால் தடவிப் பார்ப்பார், கடினமாகத் தட்டுப்பட்டால் அதை எடுப்பதா என்று யோசிப்பார். இத்தனை கருவி இருந்தும் கடைசியில் விரல்!

சில நாடுகளில் சூடான இரத்தம் ஓட்டி, பெட்டிக்குள்ளேயே துடிக்க வைத்துக் கொண்டுபோகும் இயந்திரமும் உண்டு; இரத்தத்தில் லக்டேற் (தசைக்கு ஒட்சிசன் போதாதபோது கூடும் பொருள்) ஏறுகிறதா என்று வழியிலேயே பார்க்கலாம். சரி, கண்டியில் 2017இலேயே இதயம் மாற்றிவிட்டார்கள், தெரியுமா?