தாவரப் பாலும் பூஞ்சை நச்சும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: கோத்தகிரியில் வீட்டிலேயே பாதாம் பால் எடுக்கிறோம். நன்றாகக் காய்ச்சினால் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு போய்விடுமா?

பதில்: போகாது. அது சிதைய 200 டிகிரி செல்சியஸுக்கும் மேற்பட்ட சூடு வேண்டும். பாலோ 100 டிகிரியை ஒட்டியே பொங்கிவிடும்.

கேள்வி: எங்கள் நிலக்கடலைப் பாலில் எம்1 வகை அஃப்ளாடாக்சின் இல்லை என ஆய்வகம் சான்றளித்துள்ளது. போதுமா? (குன்னூர்)

பதில்: பயனற்ற சோதனைக்குப் பணம் கட்டியிருக்கிறீர்கள். தீவனத்திலுள்ள பி1 வகை அஃப்ளாடாக்சின் பசுவின் உடலில் மாற்றமடைந்து பாலில் எம்1 ஆக வெளிப்படுகிறது. கடலையில் தேட வேண்டியவை பி1, பி2, ஜி1, ஜி2 ஆகியவை. ஓட்ஸ் பாலானால் டியாக்சிநிவலெனால், டி-2, எச்டி-2, ஓக்ராடாக்சின் ஆகிய வேறு பூஞ்சை நச்சுகளையும் சோதிக்கக் கேளுங்கள்.

கேள்வி: மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடிக் கடலை அனுப்பியபோது நச்சு இல்லை என்றார்கள். அதே மூட்டையின் பாலில் அதிகம் என்கிறார்கள். ஆய்வகத்தின் தவறுதானே? (கொடைக்கானல்)

பதில்: எந்த முறையில் சோதித்தார்கள், எந்த அலகில் முடிவு வந்தது என்று எதையுமே எழுதாமல் ஆய்வகத்தைக் குறை சொல்வது முறையன்று. பெரும்பாலும் பிழை மாதிரி எடுப்பதில்தான் இருக்கிறது. இதை எத்தனை முறை எழுதினாலும் கைப்பிடிகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. பூஞ்சை பிடித்த பருப்பு ஆயிரத்தில் ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் அந்த ஒன்றில் உள்ள நச்சு மூட்டை முழுவதையும் வரம்பு மீறச் செய்யப் போதுமானதாக இருக்கக்கூடும்; உங்கள் கைப்பிடியில் அது அகப்படாதபோது எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் அதைக் காட்ட முடியாது. மேல், நடு, அடி எனப் பல இடங்களிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துச் சில கிலோ சேர்த்து, முழுவதையும் அரைத்துக் கலந்து, அதிலிருந்து ஒரு பகுதியை அனுப்புங்கள். பல கிலோ கடலையை அரைத்தெடுத்த பால் அந்த வகையில் கைப்பிடியைவிட நம்பத்தக்கது. எனினும் கொழுப்பு மேலே மிதக்கும், வண்டல் கீழே தங்கும் என்பதால், நன்றாகக் குலுக்கியே ஊற்ற வேண்டும். வடிகட்டிய சக்கையிலும் நச்சு தங்கும் என்பதால் அதையும் தனியே சோதிக்கச் சொல்லுங்கள். பாலில் தண்ணீர் சேர்ந்திருப்பதால் எண் குறைந்துதான் தெரியும். எவ்வளவு கடலைக்கு எவ்வளவு நீர் என்று எழுதித் தராவிட்டால் இரு முடிவுகளையும் ஒப்பிடவே முடியாது.

கேள்வி: புறஊதா டார்ச்சில் கடலை பச்சையாக ஒளிர்ந்தால் நச்சு உறுதியா?

பதில்: இல்லை. அந்த ஒளிர்வு, பூஞ்சை உண்டாக்கும் மற்றொரு பொருளான கோஜிக் அமிலத்தால் வருவது. சந்தேகத்துக்கு மட்டுமே உதவும். ஒளிராவிட்டாலும் நிம்மதி கொள்ளாதீர்கள்.

கேள்வி: தானியத்தில் நச்சை அளக்கும் எலிசா கிட்டை (எதிர்ப்புரதம் கொண்டு சோதிக்கும் பெட்டி) ஓட்ஸ் பாலுக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: நச்சில்லாத அதே பாலில் தெரிந்த அளவு நச்சைக் கலந்து அளந்து, கலந்த அளவில் ஏறத்தாழ 70 முதல் 120 சதவீதம் வரை கிட் காட்டினால் பயன்படுத்தலாம். வரம்பை நெருங்கும் முடிவை எல்சி-எம்எஸ் என்ற துல்லியமான ஆய்வகக் கருவியில் உறுதி செய்யுங்கள். மாதிரி சரியாக இருக்கட்டும், மீண்டும் சொல்கிறேன்.

கேள்வி: ஊட்டிக் குளிரில் கடலை பத்திரம்தானே?

பதில்: அஃப்ளாடாக்சினை உண்டாக்கும் அஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் பூஞ்சை குளிரில் மந்தமாகும், ஆனால் சமவெளியின் வயலிலும் களத்திலும் ஏற்கெனவே உருவாகிவிட்ட நச்சைக் குளிர் அழிக்காது. பனிமூட்டத்தின் ஈரம் மூட்டைக்குள் ஏறினால் குளிரிலும் வளரும் பெனிசிலியம் பூஞ்சை இனங்கள் வேறு நச்சுகளை உண்டாக்கலாம். ஈரம் புகாத கலனில் வையுங்கள்.