பிடிக்கவும் விடவும் தெரிந்த மூலக்கூறு கூண்டுகள்: கேள்வி பதில்

செந்தில்: ஐயா, மூலக்கூறு அளவில் கூண்டை எப்படிக் கட்டுகிறார்கள்?

யாரும் கட்டுவதில்லை, அது தானே கூடுகிறது. பல்லேடியம் அயனி, சதுரத்தின் நான்கு மூலைகளில் நான்கு நைட்ரஜன்களைப் பற்றிக்கொள்ளும். வாழைப்பழம்போல் வளைந்து, இரு முனையிலும் நைட்ரஜன் உள்ள பிரிடின் வளையம் கொண்ட ஈனியை (உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு) அதனுடன் கலந்து சூடாக்கினால், இரண்டு பல்லேடியமும் நான்கு ஈனிகளும் சேர்ந்து கூண்டாகிவிடும். மொத்த மின்சுமை +4. எதிர்மின் அயனியை உள்ளே இழுப்பது அதுதான். ஆனால் அளவும் பொருந்தியாக வேண்டும்.

மீனாட்சி: பிடித்த அயனியை எப்படி விடவைப்பது?

இந்தத் துறையின் கடினமான கேள்வியே இதுதான். இறுகப் பிடிக்கும் கூண்டு எளிதில் விடாது. அமிலம் சேர்த்துக் கூண்டைக் குலைத்து, காரம் சேர்த்து மறுபடி கூட்டலாம். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் உப்புக் கழிவு மிஞ்சும். எனக்குப் பிடித்தது ஒளி வழி. ஜெர்மனியின் கெட்டிங்கனில் கைடோ கிளெவர் குழு 2013இல் வெளியிட்ட கூண்டில், ஈனியின் நடுவே, ஒளி பட்டால் வடிவம் மாறும் டைதையீனைல்எத்தீன் என்ற பகுதி இருக்கிறது. அதன் வளையம் திறந்திருக்கும்போது ஈனி நெகிழ்ந்து கொடுக்கும். பன்னிரண்டு போரானும் பன்னிரண்டு ஃபுளூரினும் கொண்ட, −2 மின்சுமையுள்ள உருண்டை அயனியை நன்றாக அணைத்துக்கொள்ளும். புற ஊதா ஒளி பட்டதும் வளையம் மூடுகிறது, ஈனி விறைக்கிறது, பிடிப்பு தளர்ந்து அயனி வெளியேறுகிறது. வெண்ணொளி பட்டால் வளையம் மறுபடி திறக்கும். அயனியும் திரும்பி வரும். கூண்டு உடைவதே இல்லை!

ரஃபீக்: தண்ணீரிலும் இது நடக்குமா?

மேற்சொன்ன சோதனை நடந்தது அசிட்டோநைட்ரைல் என்ற கரிமக் கரைப்பானில். தண்ணீரில் எதிர்மின் அயனி நீர்மூலக்கூறுகளைப் போர்த்தியிருக்கும். அதைக் களைந்தால்தான் உள்ளே வரும். சல்ஃபேட் எளிதில் களையாது, பெர்குளோரேட் களைந்துவிடும்.

ஜெயா: அப்படியானால் நடைமுறைப் பயன்?

அணுக்கழிவை நினைத்துப் பாருங்கள். அதிலுள்ள டெக்னீசியம்-99இன் அரை ஆயுட்காலம் சுமார் 2.1 லட்சம் ஆண்டுகள். அது பெர்டெக்னடேட் அயனியாக மண்ணில் ஒட்டாமல் நிலத்தடி நீரோடு போய்விடும். அதைக் கூண்டில் பிடிக்க முடியுமா என்று, அதன் இடத்தில் அதையொத்த, கதிரியக்க ஆபத்து குறைந்த பெர்ரீனேட் அயனியை வைத்து ஆய்வகங்களில் சோதிக்கிறார்கள். ஆனால் பல்லேடியத்தின் விலையும், அமிலத்தையும் கதிர்வீச்சையும் கூண்டு தாங்க வேண்டியதும் பெரிய தடைகள்.

கார்த்திக்: அயனி உள்ளேதான் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் தரும் சைகைகளைக் காட்டும் என்.எம்.ஆர். நிறமாலையைப் பாருங்கள். கூண்டின் உட்புறம் நோக்கிய ஹைட்ரஜன்களின் உச்சிகள் இடம் மாறும். வெளிப்புறத்தவை ஏறக்குறைய அசையாது.