பழைய .22 ரைஃபிள் வாங்குமுன்

வணக்கம் ஐயா. பெங்களூரு ஜாலஹள்ளியில் ஒருவர் எம்-1 கார்பைன் என்ற அமெரிக்க இராணுவத் துப்பாக்கியின் சாயலில் உள்ள, ஜெர்மன் எர்மா நிறுவனம் செய்த தம் .22 (குழல் விட்டம் சுமார் 0.22 அங்குலம்) ரைஃபிளை விற்கிறார், என்னிடம் உரிமம் இருக்கிறது, உடனே வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து இப்போதே முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். தோற்றம் பெரிதல்ல; அது ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை என்பதால், உங்கள் உரிமம் அதற்குச் செல்லுமா என்பதை மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, விற்பவர் உங்கள் பெயர், முகவரியுடன் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பதிகாரிக்கோ எழுதித் தெரிவித்து, 45 நாட்கள் கடந்த பிறகே கைமாற்ற முடியும்.

பார்க்கச் செல்லும்போது மேகசினை (தோட்டாக்களை வைக்கும் பெட்டியை) கழற்றி, உள்ளே தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, தோட்டா அமரும் அறையின் வாய் விளிம்பை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். இதற்கான .22 தோட்டா ரிம்ஃபயர் வகை; அதாவது துப்பாக்கியின் ஊசி தோட்டாவின் அடிப்பகுதி ஓரத்தில்தான் அடிக்கும். ஆகவே தோட்டா இல்லாமல் அடிக்கடி விசையை இழுத்த துப்பாக்கியில் ஊசி எஃகிலேயே மோதி, அங்கே சிறு பள்ளமும் உள்நோக்கிப் பிதுங்கிய பிசிறும் உண்டாகியிருக்கலாம், அதனால் சுட்ட வெற்றுறை வெளியே வராமல் சிக்கலாம். அப்படி இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம் என்பதே என் கருத்து. துப்பாக்கியில் பொறித்த எண் அவருடைய உரிமத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.